உடைக்கக் கொடுத்த பெட்டிகள்

அந்தப் பெட்டிகளுக்குள் ஒன்றுமே இல்லை என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

சிட்னியில் மெரிலேண்ட்ஸுக்குப் பக்கத்தில், உறைந்த மீனும் இறாலும் வைத்து அனுப்பும் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் நான் சம்பளக் கணக்குப் பார்த்து வந்தேன். எங்கள் மேசைகளின் கீழே இருந்த பெரிய கணினிகள் டீசல் புகையையும் தூசியையும் இழுத்து இழுத்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. முதலாளி அவற்றை அகற்றிவிட்டு, திரைக்குப் பின்னால் பொருத்தும் கையளவுப் பெட்டிகளை வாங்கினார். ஸீரோ கிளையன்ட் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றைப் பொருத்தித் தந்தவர் எங்கள் கணினிப் பொறுப்பாளர், தமிழ்நாட்டு இளைஞர்.

"உள்ள ஒண்ணுமே கிடையாதுக்கா. டிஸ்க் இல்ல, ஃபேன் இல்ல. நீங்க தட்டுறதெல்லாம் அந்த ரூம்ல இருக்கிற சர்வர்ல நடக்குது. இது சும்மா காட்டும், அவ்வளவுதான்."

"பழுதாப் போனால்?"

"தூக்கிக் குப்பையில போட்டுட்டு வேற மாட்டுவேன். நீங்க விட்ட வரியிலிருந்து தொடரலாம்."

களஞ்சியத்தின் மேற்பார்வையாளரும் அவற்றைப் பார்க்க வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நீண்டகாலம் சிட்னியில் இருப்பவர். கீழ்த்தளம் முழுக்க அவருடைய ராச்சியம். மேலே அலுவலகத்துக்குத் தேநீர் குடிக்க மட்டும் வருவார்.

"உதென்னக்கா, சவர்க்காரப் பெட்டியே?" என்றார். "கவனம், எங்கடை சம்பளத்தையும் சேத்துக் கழுவிப்போடாதையுங்கோ."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

களஞ்சியத்திலும் அலுவலகத்திலும் இருந்த கமராக்களின் படங்களைக் காட்டும் திரை என் மேசைக்கு மேலே சுவரில் தொங்கியது. அதன் பின்னாலும் அதே மாதிரிப் பெட்டிதான். ஒரு வியாழக்கிழமை அந்தத் திரையில்தான் அதைப் பார்த்தேன். படகில் வந்து, தற்காலிக விசாவில் எங்களிடம் வேலை செய்த பொடியன் ஒருவன் மீன் பெட்டிகள் அடுக்கிய வண்டியைச் சரித்துவிட்டான். மேற்பார்வையாளர் அவனுடைய முகத்தில் குத்தினார். விழுந்தவனை மிதித்தார். திரையில் சத்தம் வராது. பொடியனின் வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அவர் கொஞ்சம் விலகி, சப்பாத்தில் பட்டிருந்ததை ஒரு மட்டைப்பெட்டியில் துடைத்தார். பிறகு திரும்பி வந்து மறுபடியும் மிதித்தார். நான் படிகளில் ஓடி இறங்கியபோது அவனுடைய தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆசுபத்திரியில் அவன் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். விசாப் பயம். ஆனால் கமராப் பதிவு இருந்தது. திங்கட்கிழமை பொலிஸ் வந்து அதை எடுக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மகளும் என்னோடு வந்திருந்தாள். வேலை முடிந்ததும் இருவரும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். ஜனவரி வெயில் கூரைத் தகட்டில் எரிந்துகொண்டிருந்தது. அலுவலகத்துக் குளிரூட்டி பழுது. சர்வர் அறை மட்டும் எப்போதும் குளிராக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களையும் என் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு மகள் அதற்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். இயந்திர இரைச்சலுக்குக் காதில் ஹெட்போன். இலக்கப் பூட்டுப் போட்ட கதவு. உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். தண்ணீர் குடிக்க அடிக்கடி வெளியே வருவாள்.

இரும்புப் படிகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் வந்தார். கையில் மரத்தட்டுகளைப் பெயர்க்கும் சின்ன இரும்பு அலவாங்கு. அலுவலகத்தில் நானும் கணினிப் பொறுப்பாளரும் மட்டும்தான் இருந்தோம்.

"கமரா எந்தக் கொம்பியூட்டரிலை இருக்கு?"

"தம்பி, இருங்கோ, கதைப்பம்."

"கதைக்க வரேல்லை அக்கா. எதிலை இருக்கு?"

அது என் முதுகுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு உள்ளே, என் பிள்ளையின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் மேசையிலிருந்த திரையைக் கீழே தள்ளி, அதன் பின்னாலிருந்த பெட்டியில் அலவாங்கால் அடித்தார். பிளாஸ்டிக் துண்டொன்று என் கன்னத்தைக் கீறியது.

கணினிப் பொறுப்பாளரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, அத ஒடைச்சு என்ன பிரயோஜனம், அதுல ஒண்ணுமே..."

"ஐயோ!" என்று நான் கத்தினேன். "அந்தப் பெட்டியளை மட்டும் தொடாதையுங்கோ தம்பி! எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு!"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு சர்வர் அறைக் கதவைப் பார்த்தார். காலையில் மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். மேற்பார்வையாளரும் அதைப் பார்த்துவிடக் கூடாதென்று மறுபடியும் கத்தினேன்.

"வேணாம்ணே," என்றார் பொறுப்பாளர், அழுகிற குரலில். "கும்பிட்டுக் கேக்குறேன். அதுலதான் எல்லா ரெக்கார்டும் இருக்கு. என் வேல போயிரும்ணே." சொல்லிக்கொண்டே ஓடிப்போய் என் மேசையிலிருந்த பெட்டியின்மேல் கையை வைத்து மறைத்தார்.

அலவாங்கு அந்தக் கையின்மேல் இறங்கியது. பெட்டி உடைந்த சத்தமென்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டி உடையவில்லை. அவர் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்தது.

மேற்பார்வையாளர் கதிரையில் ஏறி, சுவர்த் திரைக்குப் பின்னாலிருந்த பெட்டியைப் பிடுங்கினார். கமராப் படங்கள் நான்கும் ஒன்றாக மறைந்தன.

"பாத்தியளே!" என்று சிரித்தார்.

பெட்டியைத் தரையில் போட்டு, அது தகடாகும்வரை அடித்தார். பிறகு மற்ற மேசைகளுக்குப் போனார். அவர் ஒவ்வொன்றாக உடைக்க உடைக்க நான் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். நடிப்பென்று தொடங்கியது, எப்போது உண்மையான அழுகையானது என்று தெரியவில்லை. கண் மட்டும் கதவுக் கைப்பிடியை விட்டு நகர மறுத்தது. அதை வலிந்து இழுத்து அவர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். வெளியே வராதே பிள்ளை, உனக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடினேன்.

எல்லாம் முடிந்ததும் வந்து என் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் அழுத்தினார். "வேறை எங்கையும் இருக்கோ?"

"இல்லைத் தம்பி. எல்லாத்தையும் உடைச்சுப் போட்டியள்."

விட்டார். வியர்வை கொட்ட, போய்ச் சர்வர் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அடியிடுக்கால் வந்த குளிர் காலில் பட்டிருக்கவேண்டும்.

"உள்ளை என்ன?"

"ஏசி மெசின். பழுது. உள்ளை மட்டும்தான் குளிருது."

"நல்ல முதலாளியக்கா. மெசினுக்குக் குளிர், எங்களுக்கு வேர்வை." இரண்டு மூன்று தடவை அலவாங்கின் பிடியால் கதவில் தட்டினார், யோசிப்பவர் போல. என் வாயில் இரத்தம் ருசித்தது, உதட்டைக் கடித்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். கீழே யாரோ அழைத்திருந்த பொலிஸ் அவரை முற்றத்தில் விழுத்தியது ஜன்னலால் தெரிந்தது. அவர் இன்னும் அலவாங்கை விடவில்லை. அதை விடும்வரை அடித்தார்கள்.

கதவின் இலக்கத்தை என் விரல் மறந்துவிட்டது. பொறுப்பாளர்தான் தரையிலிருந்து எழுந்து வந்து, இடக்கையால் அழுத்தித் திறந்தார். மகள் ஹெட்போனைக் கழற்றி, போகலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தட்டிய சத்தம் கேட்டதாம். மேசைகளை நகர்த்துகிறோம் என்று நினைத்தாளாம். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

புதன்கிழமை புதுப் பெட்டிகள் வந்தன. மாட்டியதும் என் சம்பளக் கணக்கு விட்ட வரியில் திறந்தது. நான் அடுத்த வரியைத் தட்டவில்லை. அன்றோடு வேலையை விட்டேன். பொறுப்பாளரின் வலக்கையால் இப்போதும் திருகாணி பிடிக்க முடியாது. கேட்டால், "ஒரு காலிப் பெட்டிக்காகக் கையை ஒடைச்சுக்கிட்ட ஒரே ஆள் நான்தான்க்கா" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

வழக்கில் பொடியனை அடித்த பதிவைக் காட்டினார்கள். அடுத்து அலுவலகத்துப் பதிவையும் காட்டினார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பெட்டியாக உடைத்ததையும் அறைக்குள்ளிருந்த சர்வர் விடாமல் பதிந்து வைத்திருந்தது. அவர் போன பிறகும் படம் ஓடியது. கதவு திறந்தது. என்னுடைய பெரிய கம்பளிச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தாள். பிணையில் வந்திருந்த அவர் முன்னால் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

இடைவேளையில் வெளியே என்னைக் கடந்து போனவர் நின்றார்.

"உங்களை நம்பினனான் அக்கா," என்றார். கோபமில்லை, மனம் நொந்த குரல். பிறகு மெதுவாக, "உங்கடை மகளோ?" என்றார்.

அவருடைய வழக்கறிஞர் வந்து அழைத்துப் போனார்.

காருக்குள் ஏறி, கதவுகளைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன். மகள் படித்துக்கொண்டிருந்தாள். முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். ஓம் அம்மா என்றாள். திறந்து, திரும்பப் பூட்டு என்றேன். அலுத்துக்கொண்டு நடந்து போனாள். பூட்டு விழும் சத்தம் போனில் கேட்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.