மனாமாவில் எங்கள் ஊர் மூலை

“இந்த ஊர்ல நடந்து பாக்க என்னத்த இருக்கு பிள்ள? ரெண்டு தெரு தாண்டினா உனக்கு வழி தெரியாது, கேட்டியா.”

அண்ணன் இதைச் சொன்னபோது நான் பஹ்ரைனுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் இங்கே மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். நான் கிளினிக்கில் நர்ஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அதைப் படகெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவனும் அவன்தான். ஆனால் டூட்டி, ரூம், மாதா கோயில் மூன்றுக்கும் வேனில் போய்வந்தால் போதும் என்பது அவன் சட்டம். வெள்ளிக்கிழமை லீவு என்னுடையது என்பது என் சட்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி, தலைநகர் மனாமாவில், பழைய கடைவீதிக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய வாசலருகே இறங்கினேன். படம் எடுக்கவில்லை. நகைக்கடைகளுக்குப் பின்னால் நடந்தேன். இந்தத் தீவில் நடக்கிறவரைக் கண்டால் டாக்ஸிக்காரர்களுக்குப் பொறுக்காது; ஹார்ன் அடித்து அடித்துப் பக்கத்தில் வந்தார்கள். கார் நுழையாத சந்துக்குள் புகுந்த பிறகுதான் விட்டார்கள். அங்கே ரொட்டி சுடும் ஒரு கடையில் குபூஸ் ரொட்டியைச் சூட்டோடு வெறுங்கையில் கொடுத்தார்கள். பிய்த்துத் தின்றபடி, உப்பு பூத்த சுவர்களை ஒட்டிப் போனேன். ஒரு வீட்டு வாசலில் போகிறவர் வருகிறவருக்கென்று குளிர்ந்த தண்ணீர்க் குழாய் வைத்திருந்தார்கள். குடித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

லீவு நாளில் இந்தச் சந்துகளில் ஊருக்கு ஒரு மூலை உண்டு. ஒரே ஊர் ஆண்கள் ஒரே இடத்தில் கூடி நின்று பேசுவார்கள். தெரியாமல் நான் போய்ச் சேர்ந்தது எங்கள் ஊர் மூலைக்கு.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பாவோடு கடலுக்குப் போன மாமா ஒருவர் முன்னால் வந்தார்.

“வழி தப்பிட்டியா மக்கா?”

“இல்ல மாமா, நடக்கேன்.”

“எங்கோட்டு?”

“எங்கோட்டும் இல்ல. சும்மாதான்.”

“சும்மா நடக்கதுக்கா உன்ன நர்ஸ் படிக்க வச்சது?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் ஒருவர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்: “உன் தங்கச்சி வழி தெரியாம இங்க வந்து நிக்கா.”

அண்ணன் டாக்ஸியில் வந்து சந்து முனையில் நிறுத்தினான். சட்டையில் மீன் வாடை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“ஏறு.”

“எனக்கு வழி தப்பல அண்ணே.”

“எல்லாரும் பாக்காவ. ஏறு பிள்ள.”

“பாக்கட்டும். நான் என்ன களவாண்டா நிக்கேன்?”

மாமாக்கள் தங்கள் செருப்புகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணனின் முகம் சிவந்தது. அவன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு ஏறினால், பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் என்னுடையதாக இருக்காது.

“சாயங்காலம் நடந்தே ரூமுக்குப் போயிருவேன். நீ போ,” என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தில் திரும்பினேன். பின்னால் டாக்ஸிக் கதவை அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டும் முன் ரூமுக்கு வந்துவிட்டேன். காலில் கொப்புளம் மட்டும்தான் மிச்சம்.

வாரம் முழுக்க அவன் பேசவில்லை. இன்று மறுபடியும் வெள்ளிக்கிழமை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதை எழுதுவது பக்கத்துத் தீவான முஹரக்கில், ஒரு டீக்கடை பெஞ்சில். பாலத்தை நடந்தே கடந்தாயிற்று.