திரும்பிப் பார்க்காத சாலை

அகரத்திலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட் பத்து கிலோமீட்டருக்குள்தான். போன தையில் ஒருநாள் அந்தத் தூரத்தைக் கடக்க குருசாமிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அவருடைய 'குட்டி யானை' சரக்கு வண்டியில் பழுதில்லை. சாலையில் நெரிசலும் இல்லை. வந்த வழியே மறுபடி மறுபடி திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், யார்மீதோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று பயம் வந்துவிடும். திரும்பிப் போனால் சாலை வெறிச்சென்று கிடக்கும். உடனே, அடிபட்டவரை யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ என்று அடுத்த சந்தேகம் முளைக்கும். இத்தனைக்கும் அந்த வண்டியில் இதுவரை ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

"ஏப்பா குருசாமி, பூவா ஏத்திவிட்டோம், மாலையாக் கட்டிக் கொண்டுவந்தியா?" என்றார் மார்க்கெட்டில் காத்திருந்த மொக்கைச்சாமி, அகரத்தில் சம்பங்கி போட்டிருக்கும் விவசாயி. கூட நின்று சிரித்த மற்ற விவசாயிகள் அடங்கியதும் குரலை இறக்கினார். "வெயில் ஏறிட்டா இத ஆரு கேப்பா? மாசி முடியப் பாப்பேன். அப்புறம் வேற வண்டிதான்."

குருசாமிக்கு இருந்த ஒரே வாடிக்கை அந்தப் பூ விவசாயிகள்தான்.

கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தார் அவர் மனைவி செல்லக்கிளி. அமாவாசைக்கு மட்டும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை அன்றாடம் வைத்தார், நான்கு சக்கரத்துக்கும். பழம் நசுங்கும்போது வண்டி லேசாகத் துள்ளும். குருசாமியின் அன்றைய பயம் வாசலிலேயே தொடங்கிவிடும்.

தூக்கம் கெட்டு அரசு மருத்துவமனைக்குப் போனவரை உளவியலாளர் கீர்த்தனாவிடம் அனுப்பினார்கள்.

"எனக்குப் பைத்தியமா மேடம்?"

"இல்ல. இதுக்கு எண்ணச் சுழல் நோய்னு பேரு, ஓசிடின்னும் சொல்வாங்க. திரும்பிப் போய்ப் பாத்தா எவ்ளோ நேரம் நிம்மதியா இருக்கு?"

"அடுத்த பள்ளம் வர்ற வரைக்கும்."

"அப்ப, போய்ப் பாக்குறதுதான் பயத்துக்குத் தீனி. எண்ணம் வந்தா வரட்டும். வண்டிய மட்டும் திருப்பாதீங்க. பயம் ஏறும், செத்த நேரத்துல தானா இறங்கும். அத நீங்களே பாக்கணும்."

நினைப்பையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை என்றார். கூட வந்திருந்த செல்லக்கிளிக்கும் அதில் வேலை இருந்தது. யார்மீதும் வண்டியை ஏற்றவில்லை என்று இனி அவர் ஆறுதல் சொல்லக் கூடாது.

"எலுமிச்சம்பழத்தையும் விடணுமா மேடம்?" என்று கேட்டார் செல்லக்கிளி.

"சாமிக்கு வைக்கிறீங்களா, பயத்துக்கு வைக்கிறீங்களா?"

மறுநாள் செல்லக்கிளி பழம் வைக்கவில்லை. வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார்.

தாடிக்கொம்பு தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி துள்ளியது. குருசாமி வேகத்தைக் குறைத்தார்.

"யாரு மேலயும் ஏத்தலேல்ல?"

"எனக்குத் தெரியாது."

"ஒரு வார்த்த சொல்லேன், தாயி."

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மார்க்கெட்டில் மூட்டைகள் இறங்கும்வரை குருசாமிக்குப் பயம் குறையவில்லை. டீயைக் குடித்து முடிக்கும்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. திரும்பிப் போகாமலே இறங்கியது அதுதான் முதல் தடவை.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. மாசி நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே வண்டி குலுங்க, மனைவி தடுத்தும் திரும்பிப் போனார். அன்று பூ வாடித்தான் சேர்ந்தது. மொக்கைச்சாமி கேலி பேசவில்லை. அது குருசாமியை இன்னும் கலக்கியது. கீர்த்தனாவிடம் சொன்னார். "சரி, நாளைக்கும் அதே ரோட்டுலயே போங்க" என்றார் அவர்.

மொக்கைச்சாமி சொன்ன மாசிக் கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கீர்த்தனா சொன்னபடி, திங்கட்கிழமை முதல் செல்லக்கிளி வண்டியில் வர மாட்டார். குருசாமி தனியாகச் சம்பங்கி ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்.