குதிரைப் பண்ணை சலீம் நானா

சலீம் நானாவைக் கட்டுத்துவக்கு கொன்றுவிட்டது.

நேற்றுக் காலை, மறிச்சுக்கட்டிக்குப் பின்னால் உள்ள பற்றைக்காட்டில். பன்றிக்கென்று யாரோ துப்பாக்கி விசையோடு இழுத்துக் கட்டிய கம்பியில் கால் பட்டிருக்கிறது... வெடி தொடையைப் பிய்த்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டைக் காணவில்லையாம். அதைத் தேடிக் கொடுக்கப் போனவர்.

தெரியாதவர்களுக்கு... மறிச்சுக்கட்டி ரோட்டில் குதிரை, கழுதை, தீக்கோழி எல்லாம் வைத்து ஒரு குடும்பம் நடத்தும் பண்ணை இருக்கிறதே, அதன் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துப் போய் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். வாசலில் டிக்கெட் கிழித்துத் தந்த மருதாணித் தாடிக்காரர்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் கேட் பூட்டியிருக்கும். அன்றைக்கு உள்ளே எங்கள் பிள்ளைகள் மட்டும்தான். வங்காலையில் நான் படிப்பிக்கும் விசேட தேவையுள்ள பிள்ளைகள்.

முதல் தடவை போனபோது எங்கள் மெரினா அவரைக் கடித்துவிட்டாள். அவளுக்குப் பேச்சு வராது, பயம் வந்தால் கடிப்பாள். குதிரை கனைத்ததும் பக்கத்தில் நின்றவரின் கையைக் கவ்வினாள். இரத்தம் முழங்கைவரை வடிந்தது. நான் அவளை இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்கோ சேர். பிள்ளை பயந்து போச்சு. தானா விடும்" என்றார்.

பல் இறங்கிய கையை அசைக்கவில்லை. மற்றக் கையால் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவள் விடும்வரைக்கும்.

இதை வாசித்துவிட்டு அவரைச் சாந்தமான மனுஷன் என்று நினைக்க வேண்டாம்.

ஒருநாள் நாங்கள் போனபோது கேட்டடியில் ஒரு கழுதை நின்றது. பண்ணைக் கழுதை இல்லை, ரோட்டில் திரிவது. கீழ்த்தாடையைக் காணவில்லை. பன்றிக்குத் தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியைக் கடித்திருக்கிறது... பிள்ளைகளை வேனுக்குள்ளேயே இருத்தினோம்.

மிருக வைத்தியர் வந்து ஊசி போடும்வரை சலீம் நானா அதன் தலையை மடியில் வைத்திருந்தார். பிறகு அதே இரத்தச் சாரத்தோடு சந்திக் கடைக்குப் போனார். வெடி வைத்தவனைக் கதிரையோடு தூக்கி ரோட்டில் எறிந்தார். அவன் எழும்ப எழும்ப அடித்தார். கடையில் நின்ற ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை.

"பள்ளிக்கூடப் பிள்ளையள் போற பாதையடா அது. கழுதை கடிக்காட்டி ஒரு பிள்ளை கையில எடுத்திருக்கும்."

அடித்ததற்காகப் பொலிஸ் அவரைக் கொண்டுபோனது. பிணையில் வந்த கையோடு மகனையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலைகளில் பொறி தேடிக் கழற்றுவதுதான் அந்தக் குடும்பத்துக்கு வேலை.

நேற்றும் கூடப் போனது மச்சான் நௌபர்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கண்டேன். சேட் முழுக்க இரத்தம் காய்ந்து மொறமொறவென்று நின்றது.

"சாரத்தைக் கிழிச்சுக் கட்டினன் சேர். இரத்தம் நிக்கேல்ல. தோளில போட்டுக்கொண்டு ஓடினன். 'அங்கால இன்னொரு கம்பி கிடக்கு, மாடு தேடி ஆக்களை விடாதே' எண்டு சொன்னவர்... பிறகு கதைக்கேல்ல."

யார் கட்டியது என்று ஊருக்குள் ஒரு பெயர் ஓடுகிறது. நான் எழுத மாட்டேன். நீங்களும் கமெண்டில் போடாதீர்கள்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரின் மையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், மகன் அஸ்லம் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான். தாய் பரீதா கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க உம்மா. அவன்ட மண்டையப் பிளந்திட்டு வாறன்."

விட்டார் ஒரு அறை. அவன் உதடு வெடித்து இரத்தம் வந்தது.

"உன்ட வாப்பாவைக் குளிப்பாட்ட ஆம்பிளைப் பிள்ளை நீ ஒருத்தன்தான். உள்ள போ."

அவன் தாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அலவாங்கை மதிலில் சாத்திவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடக்கிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

அவர் சொன்ன அந்த மற்றக் கம்பியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விடிய நௌபரும் சில பேரும் தேடப் போகிறார்கள். நானும் போகிறேன்.

சலீம் நானா... போயிட்டு வாங்கோ.