ஐந்து மணிக் கட்டத்தில் ஒரு கோடு

தலை எண்ணுவதற்கென்று ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டால், கொடுப்பார்கள். நகராட்சியின் பூங்காப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக ஒருவர் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் ஏறும். ஆபீஸில் அவருக்கு டிக்டிக் என்றே பேர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சாதாரண வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தப் பூங்காவுக்கு ஊஞ்சல், எந்தத் தெருமுனைக்கு நிழற்குடை என்பதெல்லாம் அவர் கட்டைவிரலில்தான் ஆரம்பிக்கும். ஓரிடத்தில் எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்று இவர் எண்ணித் தருவார். மேலே இருப்பவர்கள் அதைக் காட்டிச் செலவுக்கு ஒப்புதல் வாங்குவார்கள். இதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. கல்யாண வீட்டில் யாராவது, "ஒரு ஐந்நூறு பேர் இருப்பாங்க" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னால் போதும், "நானூத்திப் பதினேழு, கைக்குழந்தை தவிர" என்று திருத்துவார். "நீங்க சாப்பிட வந்தீங்களா, சர்வே எடுக்க வந்தீங்களா?" என்று மனைவி பல்லைக் கடிப்பாள்.

அவருக்கு ஒரே தங்கை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு; அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸோ ஆறரைக்குத்தான். பாலத்தைச் சுற்றி நடந்தால் முழுசாக ஒரு மணி நேரம். நல்ல வேளையாக நகரின் நடுவில் ஒரு பழைய படகுத்துறை இருந்தது. எவ்வளவு காற்றடித்தாலும் கவிழாததால் 'தக்கை' என்று பேர் வாங்கிய படகோட்டி, ஐந்து நிமிஷத்தில் அக்கரை சேர்த்துவிடுவார். தங்கையும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் ஐந்தேகாலுக்கெல்லாம் படி இறங்கிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. இது அண்ணனுக்குத் தெரியாத விஷயமல்ல.

இந்தச் சமயத்தில்தான் நகரின் நடுப்பகுதியையும் ஆற்றங்கரையையும் அழகுபடுத்தப் பெரிய நிதி ஒன்று வந்தது. பூங்கா, நீரூற்று, கண்ணாடித் தடுப்பு போட்ட நீண்ட நடைபாதை. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கண்ணைப் பறித்தது, குறுக்கே கிடந்த படகுத்துறையைத் தவிர. அதன் உடைந்த படிகளைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுச் சுவர் எழுப்பி நடைபாதையை நேராகக் கொண்டுபோவதா என்று கேள்வி வந்தது. மூன்று நாள், காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை, துறையில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணி வரச் சொல்லி டிக்டிக்குக்கு உத்தரவு போட்டார்கள்.

முதல் நாள் நாலரைக்கு அலாரம் அடித்தது. வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். கருவியை அழுத்தும் அதே கட்டைவிரலால் அலாரத்தை அழுத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். ஏழு மணிக்குத்தான் துறைக்குப் போனார். அடுத்த இரண்டு நாளும் அதே கதை. ஆறரையிலிருந்தே பஸ் ஓடுவதால் ஏழுக்கு மேல் துறைக்கு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களை ஒருவர் விடாமல் எண்ணினார். படிவத்தில் ஐந்து முதல் ஏழு வரை இருந்த கட்டங்களில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எண்ணிப் பார்த்து யாரும் வரவில்லையென்றால் டிக்டிக் பூஜ்யம் போடுவார். எண்ணவே இல்லையென்றால் கோடு போடுவார். அது அவரே வைத்துக்கொண்ட வழக்கம். மாடியில் படிவத்தைத் தட்டச்சு செய்கிற பெண்ணுக்கோ கோடென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், பூஜ்யமாக அடித்துவிடுவாள். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். மேலே யாருக்கும் அது தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். கோடு போட்டால் பொய் எழுதியதாகாது, வேலையும் முடிந்ததாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

திட்ட அதிகாரி ஒரு சுறுசுறுப்பான அம்மாள். அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் டிக்டிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். பளபளவென்ற தாளில் அட்டவணை. ஐந்து முதல் ஆறு, பூஜ்யம். ஆறு முதல் ஏழு, பூஜ்யம். டிக்டிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவ்வளவு தெளிவான கணக்கு இதுவரைக்கும் யாரும் தந்ததில்லை. கடைசிப் பக்கத்துல உங்க பேரையும் போடச் சொல்லியிருக்கேன்" என்றார் அதிகாரி.

"மேடம், அந்தக் காலை நேரம்..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா, நானும் எதிர்பார்க்கலை. சுத்தமா ஆளே இல்லை."

மீதியை மென்று விழுங்கிவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படி இறங்கினார். அந்த நாளைக்கு வரவே இல்லை.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. டிக்டிக் மேடைக்குப் பக்கத்தில் ஊழியர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலவைப் பிரிவுப் பெண்கள் பதினைந்து இருபது பேர் ஒன்றாக வந்திருந்தார்கள். துறை மூடப்படுவதைப் பற்றிப் பேச எழுந்தவள் அவர் தங்கைதான். வீட்டில் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"காலையில அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் யாருமே வர்றதில்லைன்னு உங்க அறிக்கையில போட்டிருக்கீங்க. நாங்கதான் தினம் அந்த நேரத்துக்குப் போறோம். எண்ணினவர் எங்க நின்னு எண்ணினாருன்னு தெரியலை. இன்னொரு தடவை எண்ணுங்க. எங்க அண்ணன் இந்த ஆபீஸ்லதான் இருக்காரு, இந்த வேலையே பார்க்குறாரு. அவரை எண்ணச் சொல்லுங்க. அவரு ஒரு தலையை விடமாட்டாரு."

அதிகாரி தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"அவர்தாம்மா எண்ணினது."

மண்டபத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். டிக்டிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதாவது எழுந்திருக்கலாம். 'நான் எண்ணவில்லை, தூங்கிவிட்டேன்' என்று நாலு வார்த்தை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மேலே பேசியிருந்தால் கூடப்பிறந்தவனை ஊர் முன்னால் பொய்யன் என்று சொன்னதாகிவிடும். ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். "அவரு எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளோடு வந்த மற்றப் பெண்களும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. துறையை மூடிச் சுவர் எழும்பியது. கண்ணாடித் தடுப்பு வந்தது. தக்கையின் படகைப் பூங்காப் பிரிவே விலைக்கு வாங்கி, மண் கொட்டிப் பூச்செடி நட்டு, நீரூற்றுக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைத்தது. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

தங்கை கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை வழக்கம்போல அண்ணன் வீட்டுக்கு வந்தாள், அண்ணியோடு சிரித்துப் பேசினாள். எழுந்திருக்கும்போது மட்டும் முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். "என்னடி, காலு?" என்று அண்ணி கேட்டால், "வயசாகுதுல்ல அண்ணி" என்பாள். டிக்டிக்குக்கு வாயில் வைத்த சோறு இறங்காது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். அவள் வருகிற நாளில் ஆபீஸில் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட ஆரம்பித்தார். தங்கைக்குப் பயந்து தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது கூனிக் குறுகிப் போவார்.

எட்டு மாசம் கழித்து, செலவழித்ததற்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்கப் புது நடைபாதையை எண்ணச் சொன்னார்கள். அதே டிக்டிக், அதே ஐந்து மணி. இந்தத் தடவை அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிட்டார். சரியாக ஐந்துக்குக் கண்ணாடித் தடுப்போரம் கருவியோடு நின்றார். படிவத்தில் நாலு பத்திகள்: நடைப்பயிற்சி, ஓட்டம், மிதிவண்டி, அமர்ந்திருப்போர்.

அந்த நேரத்தில் யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தவர் அசந்துபோனார். பாலத்தின் பக்கமாகக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வேகமாக நடந்துபோனார்கள். டிக், டிக், டிக். முப்பது தாண்டியது. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் சால்வை, பேச்சு மூச்சில்லாத நடை. விளக்கு வெளிச்சத்துக்கு அவர்கள் வந்தபோதுதான் இது நடைப்பயிற்சி அல்ல என்பது அவருக்கு உறைத்தது. நாற்பத்து மூன்றாவதாக அழுத்தியது சற்றே காலை இழுத்து நடந்த ஒருத்திக்கு. அழுத்திய பிறகுதான் அது தங்கை என்று தெரிந்தது.

அவள் நின்றாள். கருவியைப் பார்த்தாள்.

"என்னண்ணே, குளிர்ல நிக்கிற? காதைக் கட்டிக்கிட்டு வரக் கூடாதா?"

"பாப்பா, அன்னைக்கு நான் வரவே இல்லை. மூணு நாளும் வீட்டுல தூங்கிட்டேன்."

"தெரியும். வந்திருந்தா படியில என்னைப் பார்த்திருப்பியே."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். "எங்களை எதுல போட்டிருக்க?"

"நடைப்பயிற்சி" என்றார். வேறு பத்தி இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"சரிதான். டாக்டரும் நடக்கத்தான் சொல்றாரு" என்று லேசாகச் சிரித்தாள். கூட வந்த பெண்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள்.

"நீ அஞ்சுக்குத்தானே வந்த? இப்பல்லாம் நாங்க சீக்கிரமே கிளம்புறோம்ணே. உனக்கு முன்னாடியே ஆறு பேரு போயிட்டாங்க. அவங்களையும் சேர்த்துக்கோ, கணக்குத் தப்பா வந்து உனக்கு ஏதாவது ஆயிடப் போகுது."