லாட் நம்பர் கேட்ட செயலாளர்

எங்கள் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் அறையைக் குளிர்விக்க ஒரே ஓர் ஏர்கோன் இருந்தது. புகையைக் குடித்துவிட்டுத் திரும்பும் எங்களுக்காக வாங்கியதல்ல அது. செயலாளரின் கம்ப்யூட்டருக்காக வாங்கியது. எண்பதுகளின் கடைசி அது. கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த செயலாளர், யாரிடமும் போகாமல் புத்தகத்தைப் பார்த்தே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டவர். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கற்ற பிறகு அவர் என்ன ஆனார் என்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயை ஒருநாளும் தோளில் சுமக்காதவர், குழாய்களுக்கெல்லாம் எண் கொடுத்தார். பிறகு எங்களுக்கும் கொடுத்து, கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்.

ஒரு மத்தியானம், தீயணைப்பு லோரியின் சாவியை எடுக்க அவர் அறைக்குள் போனேன். செயலாளர் தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"லாட் நம்பர் சொல்லுங்கம்மா."

பண்டமாரான் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு தையல்காரப் பெண்மணி மளிகைக் கடைத் தொலைபேசியில் பேசுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் பிடித்த நெருப்பு அவர் வீட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது. புறம்போக்கில் போட்ட பலகை வீட்டுக்கு ஏது லாட் நம்பர் என்னும் மனை எண்?

"கோயில் பின்னாலன்னா மெஷின் எடுக்காதுலா. யாரையாச்சும் கேட்டுச் சொல்லுங்க."

தொலைபேசியைப் பிடுங்கி எந்தக் கோயில் என்று கேட்டேன். ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை இறங்கிவிட்டிருந்தது. உயிர்ச்சேதமில்லை. அந்தப் பெண்மணி பிழைப்புக்கு வைத்திருந்த தையல் மெஷின் மட்டும் சாம்பலுக்குள் கறுத்து நின்றது. அதைப் பார்த்தபடியே, கோபமில்லாமல் என்னிடம் கேட்டார்:

"நம்பர் இல்லாத வீடுன்னா வர மாட்டீங்களா, அண்ணே?"



திரும்பி வந்ததும் செயலாளர் எங்களை உள்ளே அழைத்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். மனிதர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரையைக் காட்டினார்.

"லாட் நம்பர் இல்லாட்டி சைபர் போட்டாப் போதும்லா. மெஷின் எடுத்துக்குது."

அன்றே சீருடையை அவர் மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சமீபத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து. தலை நரைத்த செயலாளர், ஒரு மேசை நிறைய இளைஞர்களுக்குத் தாம் தீயணைப்புக்கே கம்ப்யூட்டர் கொண்டுவந்த கதையை அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாட்சிக்கு அழைத்தார். நம்ம டேட்டாபேஸ் எப்படி வேலை செய்தது என்று இவரையே கேளுங்கள் என்றார். கேட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லாட் நம்பர் இல்லாத அந்த வீட்டின் கதையைச் சொன்னேன்.