ஓடைக்கு இக்கரையில் எலினா

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் எலினாவின் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. தலை நிமிர்ந்தால் மலை தெரியும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே வந்து உட்கார்ந்தவளுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணம் கூடிவரவில்லை. அண்ணன் ஞானரத்தினத்தின் வீட்டிலிருந்தே அவர் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். அவளுக்கு லீவு என்றால் கிறிஸ்துமஸ், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது விசேஷம். ஊர் பார்க்கவென்று எங்கும் போனதில்லை.

தீபாவளிச் சரக்கெல்லாம் ஏற்றி அனுப்பிய பிறகு கம்பெனிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். ராஜபாளையத்து இயற்கை ஆர்வலர்கள் சிலர் அனுமதி வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக் காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போவதைத் துணி வெட்டும் பாண்டிசெல்வி செல்போனில் பார்த்துச் சொன்னாள். எலினா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தாள்.

"காட்டுல என்னத்த இருக்குன்னு போற? கால ஒடிச்சுக்கிட்டு வந்தா யாரு பாக்க?" என்றார் அண்ணன்.

"ஒடியாம வாரேண்ணே."

விடிந்ததும் நடக்க ஆரம்பித்தார்கள். வழிகாட்டியாக வந்த வனக்காவலர் சந்தனம் முன்னால் போனார். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். அக்கரையில் ஒரு புளியமரத்தில், பூனை அளவுக்கு ஒரு சாம்பல் நிற அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காயைக் கடித்தது. அதன் வால் உடம்பைவிட நீளம். திடீரென்று அது அடுத்த மரத்துக்குத் தாவியது. எலினா தன்னையறியாமல் "ஏசப்பா" என்றாள்.

மதியம் திரும்பும்போது மேலே மலையில் வானம் கருத்திருந்தது. இவர்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் ஓடை செம்மண் நிறமாகி, மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு இரைந்தது.

"யாரும் தண்ணில எறங்காதிய. செத்த நேரம் பாப்போம், வடிஞ்சிரும்" என்றார் சந்தனம்.

மதுரையிலிருந்து வந்திருந்த கௌதம்ராஜ் என்ற இளைஞனுக்கு மாலையில் ரயில். கயிறு பிடித்துத் தாண்டிவிடலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரையில் மூங்கில் முறிந்தது. யானைகள் வந்தன. இவர்கள் கரையேற இருந்த அதே இடத்தில் அவையும் நின்றன. அவற்றுக்கும் இந்தப் பக்கம்தான் வரவேண்டியிருந்தது போல.

பாண்டிசெல்வி எலினாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "யக்கா, இங்கிட்டு வந்துருமோ?"

"அதுகளும் தண்ணி வடியத்தான நிக்கிது. சத்தம் போடாத."

குட்டி ஒன்று முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது. தாய் துதிக்கையால் அதை வயிற்றோடு சேர்த்து இழுத்தது. குட்டி மறுபடி வைத்தது, தாய் மறுபடி இழுத்தது. கௌதம்ராஜ் ரயிலைப் பற்றிப் பிறகு பேசவில்லை. எலினா கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பெரிய யானை ஒன்று திரும்பி நடக்க, மற்றவை பின்னால் போய்விட்டன.

அவை தூரம் போய்விட்டதைச் சந்தனம் உறுதி செய்த பிறகு, முழங்கால் அளவுக்கு வடிந்திருந்த தண்ணீரில் எல்லோரும் கைகோர்த்துத் தாண்டினார்கள். வேன் ஏறும்வரை பாண்டிசெல்வி அழுதுகொண்டே வந்தாள். இனி அந்தத் திசைக்கே வரமாட்டேன் என்று சொன்னாள். சொன்னபடியே இருந்தும்விட்டாள்.

வீட்டில் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "ஏட்டி, எம்புட்டு நேரமா போன் அடிக்கேன்? அப்படி என்னத்தப் பாத்த?"

"பசிக்குண்ணே. சாப்பிட்டுட்டுச் சொல்லுதேன்" என்று எலினா உள்ளே போனாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோடையில் வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று சந்தனம் சொல்லியனுப்பினார். கம்பெனியில் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் காரணம் கேட்டார். "யானை எண்ணப் போறேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே லீவு கொடுத்தார்.

அவள் போன குழுவுக்கு முதல் நாள் ஒரு மிருகமும் தட்டுப்படவில்லை. கணக்குக்காகக் காய்ந்த யானைச் சாணத்தை அளந்து அளந்து முதுகு வலித்தது. மறுநாளும் போனாள்.