பதின்மூன்றாவது படம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஒன்பது பேரை. பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்று மிரட்டியே வளர்த்தவள். அப்படிப்பட்டவள் போன வாரம் என்ன செய்தேன் தெரியுமா?

என் கேமராவைத்தான் உங்களுக்குத் தெரியுமே... இந்தப் பத்திரிகையில் அதைப் பற்றிப் பீற்றாத வாரம் உண்டா? என் வீட்டுக்காரர் வேலை பார்த்த வீட்டுப் பிரெஞ்சுக்காரத் துரை - முசியே என்போம் - தன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன டப்பா கேமரா. தோல் உரிந்துவிட்டது. வார் அறுந்து, கயிறு கட்டியிருக்கிறேன். ஆனாலும் இந்தத் தெருவில் கேமரா வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்!

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். எனக்கு எழுத்துக் கூட்டத் தடுமாறும், எண் தெரியும். கேமராவின் முதுகில் உள்ள சிவப்புக் கண்ணாடியில் எண்ணைப் பார்த்துத்தான் பிலிமைத் திருகுவேன். பதினொன்று எடுத்தாகிவிட்டது. பன்னிரண்டாவது எதிர்வீட்டு ஜைனம்புவுக்கு. அவளுடைய ஒரே மகன் சுல்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து மறுநாள் கப்பலேறுகிறான். வீட்டில் அவன் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று காலை பார்த்தா கருவடிக்குப்பத்துச் சம்பந்தி அம்மாள் வர வேண்டும்?

"இந்த ஓட்ட டப்பாவுல படம் வேற வுழுதா?" என்றாள்.

விடுவேனா! நிற்க வைத்து எடுத்தேன். பன்னிரண்டும் தீர்ந்தது, ரோலைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜைனம்பு மகனோடு வந்தாள். அவனுக்குப் புதுச் சட்டை, படிய வாரிய தலை.

"அக்கா, எங்க நிக்கட்டும்?"

பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதுதானே? சம்பந்தி அம்மாள் இன்னும் கிளம்பவில்லை... தெரு வேறு வேடிக்கை பார்க்கிறது. 'ஒரு படம்கூட வீணாக்க மாட்டேன்' என்று ஊரெல்லாம் சொன்ன வாய் - திறக்கவில்லை.

"வேப்பமரத்துக்கிட்ட நில்லுங்க. சுல்தானு, அம்மா தோள்மேல கையப் போடு. அசையாத!"

கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தேன். விசையைத் தட்டினேன். டக்! கேமரா காலி. பிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரே சத்தம்தான்.

மகன் போய்விட்டான். நேற்று ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. பன்னிரண்டில் ஏழு என் பசு. ஜைனம்பு ஓடி வந்தாள்.

"இதுல எங்க படம் எது, அக்கா?"

"வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுடி."

படங்களை அடுக்கி என் மடியில் வைத்தாள். பிறகு என்னைத் தேற்றினாள்!

"வுடுக்கா, நீ இன்னா பண்ணுவ? அசையாதன்னு சொன்னியே... அவ்ளோ நேரம் எம்புள்ள எம்மேல கை போட்டுக்கினு நின்னான். வளந்தப்புறம் அவன் அப்பிடி நின்னதே இல்ல."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவள் என் பேத்தி. அச்சில் வந்ததும் ஜைனம்புவுக்குப் படித்துக் காட்டுபவளும் அவளேதான். எங்கே, ஒரு தரம் படி பார்ப்போம்...

படித்தாள். 'டக்' இருக்கிறது. பிலிம் தீர்ந்தது, கேமரா காலி என்று சொன்னேனே, அதெல்லாம் எங்கே? எழுதாமல் விட்டிருக்கிறாள்!

"வேணாம் ஆயா. அவங்க கேட்டா உன்ன இன்னா நெனைப்பாங்க?"

"எழுதுடி. எழுதிட்டு என் செருப்ப எடு. பத்திரிகை வர்றதுக்குள்ள நானே போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."